ஆறு வேண்டாம், மூன்று போதும்

பெப்ரவரி கடைசியில் மெல்பேர்னுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். டிக்கெட் போட்ட அன்றே அக்காவின் பட்டியல் வந்துவிட்டது: யாரா பள்ளத்தாக்கு, ஒரே சனிக்கிழமை, ஆறு வைன் தோட்டங்கள்.

வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் பிளேன்டீயோடு இருந்து கணக்குப் போட்டேன். ஓரிடத்தில் ருசி பார்க்க ஆறு வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி என்றாலே ஆறு இடத்துக்கும் சேர்த்து ஒரு லீட்டரைத் தாண்டுகிறது. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்களாம். காசு கொடுத்து வாங்கியதைத் துப்ப எனக்கு மனம் வராது. மூன்றாகக் குறைத்தேன்.

யெரிங் ஸ்டேஷன் என்ற தோட்டம் கட்டாயம். யாரா பள்ளத்தாக்கின் முதல் திராட்சைக் கொடிகளை 1838இல் நட்ட இடம். நாங்கள் போகும்போது அறுவடைக் காலம் வேறு. குளிரான பகுதி என்பதால் பினோ நுவார் என்ற சிவப்பு வைனும் ஷார்டனே என்ற வெள்ளை வைனும்தான் அங்கே பேர்போனவை. போன வருடம் அக்கா கொண்டுவந்த பினோ நுவார், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய சிவப்பு. அதில் ஐஸ் போட்டுக் குடித்த பாவி நான்.

சாரதி அத்தான்தான். அவர் தொடுவதேயில்லை. இரத்தத்தில் மது 0.05 சதவீதம் வந்தாலே அங்கே லைசன்ஸுக்கு ஆபத்து. பிள்ளைகளுக்காக ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் வாத்தலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்கைப் பார்ப்பதையும் சேர்த்திருக்கிறோம்.

அம்மாவிடம் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லையே.

"அப்ப வரேக்க ரெண்டு கிலோ கொண்டு வா" என்கிறார்.