லூசியிடம் அம்மா கேட்ட கணக்கு

நயாகரா அருவியைப் பார்த்துவிட்டு "தண்ணிதானேடா, நம்ம ஊர்ல வர்றதில்ல, இங்க வருது" என்று சொல்லிவிட்டவரை அடுத்து எங்கே கூட்டிப் போவது? பஃபலோவில் குடியிருப்பவர்களுக்கு, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் காட்ட அந்த அருவியை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. விசாவோ ஆறு மாதம். அம்மா அருவியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அதனால்தான் ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டிக்கொண்டு ஜேம்ஸ்டவுன் போனோம். உள்ளூர எனக்கும் ஆசைதான். லூசில் பால் பிறந்த ஊர் அது. 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரால் அமெரிக்காவையே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார வைத்தவர். 'சினிமாக்காரியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்று அம்மா கேட்கவில்லை. பின்சீட்டில் தூங்கிவிட்டார்.

முதலில், லூசி வளர்ந்த செலரான் கிராமத்துப் பூங்கா. அங்கே 2009-ல் வைத்த ஒரு வெண்கலச் சிலை உண்டு. கண்கள் முழித்துக்கொண்டு, பல் தெரிய, ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் கரண்டி. உள்ளூர்க்காரர்களே 'பயங்கர லூசி' என்று பெயர் வைத்து, எடுத்துவிடச் சொல்லி இணையத்தில் இயக்கம் நடத்தினார்கள். செய்த சிற்பியே வருத்தம் தெரிவித்தார். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்ன சாமிடா இது?"

"சாமி இல்லம்மா. நடிகை."

"பாட்டில் இருக்கு, முழி இருக்கு. ஒரு சுருட்டு வெச்சா முனியாண்டிதான்."

கொஞ்ச தூரத்தில், புள்ளிப் புள்ளி கவுன் போட்டுக்கொண்டு அழகாக இன்னொரு சிலை. லூசியின் 105-வது பிறந்தநாளான 2016 ஆகஸ்ட் 6-ல் திறந்தது. பழைய சிலையைத் தேடித்தான் கூட்டம் வருகிறது என்பதால் அதையும் எறியாமல் அதே பூங்காவில் தள்ளி வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு இது ஒப்பவில்லை. "ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு? அந்தப் பழசு எவ்வளவு எடை இருக்கும்?" நானூறு பவுண்டு என்றேன். கிலோவில் கேட்டார். நூற்றெண்பது என்றதும் மனசுக்குள் வெண்கல விலையைப் பெருக்குவது முகத்திலேயே தெரிந்தது. எங்கள் தெருவில் முப்பது வருஷம் சீட்டு நடத்தியவர். கணக்குப் போடாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது.

அடுத்து ஜேம்ஸ்டவுனில் லூசிக்கும் அவர் கணவர் டெசி ஆர்னாஸுக்குமான அருங்காட்சியகம். அங்கே ஒரு திரையில் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி. பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். வேகம் ஏற ஏற லூசியும் தோழியும் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளுமாக அடைத்துக்கொள்வார்கள். 1952-ல் வந்தது. ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பெண்மணியின் செம்பட்டை முடி உலகப் புகழ் என்றேன். "கறுப்பு வெள்ளைப் படத்துல அது யாருக்குடா தெரிஞ்சுது?" நியாயமான கேள்வி. அதிலும் அது சாயம். பிறவியில் பழுப்பு முடிதான்.

நான் நகைச்சுவையைப் பற்றிப் பேசப் பேச, அம்மா காசைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். சரி, அப்படியே சொன்னேன். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு, அது நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போக வேண்டும். தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டு நகர மனசில்லை. எதிரே ஜனங்களை உட்கார வைத்து, மூன்று கேமரா வைத்து பிலிமிலேயே எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடும் என்று நிறுவனம் இழுத்தது. அப்படியானால் எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்த பிலிம் எங்களுக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். அப்புறம் அந்தப் பிலிமின் உரிமையைச் சில மில்லியன் டாலருக்கு அதே சிபிஎஸ்ஸுக்கே விற்றார்கள்.

அம்மா நின்றுவிட்டார். "யாரு போட்ட கணக்கு இது?"

"புருஷன்தான். கியூபாக்காரர். அவளை விட ஆறு வயசு சின்னவர்."

ஆறு வயசுக்கு ஒரு 'ம்ம்' வந்தது. ஆனால் கணக்குக்காக அதை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

1957-ல் அவர்களது டெசிலு கம்பெனி ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவை வாங்கிய கதையைச் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் முழுசாக மலர்ந்தது. அதே ஆர்.கே.ஓ.வில் லூசி முன்பு சம்பளம் வாங்கிய சாதாரண நடிகை. "சம்பளம் குடுத்த கம்பெனியையே வாங்கிட்டாளா!" என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தாவிடமே தமிழில் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார்.

1960-ல் விவாகரத்து என்றதும் "அய்யய்யோ, கம்பெனி?" என்றார். குழந்தைகள் இரண்டு பேரைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். 1962-ல் கணவரின் பங்கை லூசியே வாங்கிக்கொண்டார், ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குத் தலைமை ஏற்றார், 'ஸ்டார் டிரெக்' தொடர் அங்கேதான் பிறந்தது, 1967-ல் எல்லாவற்றையும் 17 மில்லியன் டாலருக்கு விற்றார் என்று முடித்தேன். "பொம்பளை!" என்றார். அம்மா வாயில் அது பெரிய விருது.

அங்கே ஒரு மூலையில், இன்னொரு புகழ்பெற்ற காட்சியை நாமே நடித்துப் பார்க்கலாம். லூசி ஒரு டானிக்குக்கு விளம்பரம் செய்வார். ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிப்பார். டானிக்கில் 23 சதவீதம் ஆல்கஹால். கடைசி ஒத்திகையில் நாக்கு குழறி, அதன் பெயரே வாயில் வராது. செலரான் சிலையின் கையில் இருப்பதும் அந்தப் பாட்டில்தான்.

காட்சியைப் பார்த்த அம்மா விடுவிடுவென்று மேடை ஏறிவிட்டார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கரண்டியில் ஊற்றுவது போலச் செய்து, சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதொடை என்று கணீரென்று தமிழில் விற்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, உங்கள் அம்மா என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டார். மூலிகைக் கஷாயம், ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மாவுக்கு ஆல்கஹால் என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏன்டா இல்லேன்னு சொன்ன? இருந்தாத்தான் ஓடும்னு இப்பதானே பார்த்தோம்?"