லாபில் மட்டும் வரும் ஆங்கிலம்

இலங்கையில் விஞ்ஞான பீடத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. ஆனால் அதன் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது. பிறகு யார் மினக்கெட்டுப் படிப்பார்கள்? பல்கலைக்கழகம் வந்ததும் விரிவுரை, நோட்ஸ், பரீட்சை எல்லாம் ஆங்கிலம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் என்னைப் போன்ற ஆங்கிலப் போதனாசிரியர்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். விடை தெரியாமல் இல்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் சொந்த ஊர்க்காரன், அதுதான் சிக்கல். வாய் திறந்தால் இரவு விடுதியில் "வந்திட்டார் வெள்ளைக்காரன்" என்று நக்கல் அடிப்பார்கள். முதலாம் வருடத்தார் ஆங்கிலமே பேசக்கூடாது என்று பகிடிவதையில் சட்டம் போடும் சீனியர்மாரும் உண்டு.

இதே பிள்ளைகளை இரசாயனவியல் லாபில் பார்க்கவேண்டும். என் வகுப்பில் மூச்சே விடாத பையன் ஒருவன், சிங்களப் பையன் ஒருவனுடன் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தான். நிறம் மாறும் வரை திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் சோதனை அது.

"ஸ்லோ, ஸ்லோ… ஒன் டிரொப் ஒன்லி!"

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொன்னபடி மற்றவன் பியூரெட்டைத் திருகினான். குடுவை ஒரேயடியாகச் சிவந்துவிட்டது.

"டூ மச் பிங்க், மச்சான். அகெய்ன் டூ!"

திருத்தப் போனால் என் சிவப்புப் பேனா தீர்ந்துவிடும். ஆனால் இருவருக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பை அரச அலுவலகங்களில் நான் அதிகம் கண்டதில்லை. அந்த மேசையில் கண்டேன். இருவருக்குமே இரவல் மொழி. யாரும் யாரையும் நக்கலடிக்க முடியாது.

அப்புறம் என் வகுப்பிலும் சிங்களப் பிள்ளைகளையும் தமிழ்ப் பிள்ளைகளையும் சோடி சேர்த்து இருத்தினேன். சத்தம் கூடிப்போய், பக்கத்து அறை விரிவுரையாளர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரே மொழிக்காரர் மட்டும் இருக்கும் பெட்ச்சில் இந்த வழி சரிவராது. அவர்களைப் போனில் பேசிப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். தனியாக இருந்தால் நன்றாகவே பேசுகிறார்கள். பின்னால் ரூம்மேட் சிரிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் பதிவு பாதியில் நின்றுவிடும்.