ஏசி விலை 36,000... ஆனா ஆனது 50,800

2025 செப்டம்பர் 22 அன்னிக்கு ஏசிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சுல்ல, அன்னிலேர்ந்து எங்க வீட்ல ஏசி பேச்சுதான். பக்கத்து வீட்டு அக்கா அதே சந்தோஷத்துல ஃப்ரிட்ஜ் வாங்கக் கிளம்பிப் போயி, எங்க குறைஞ்சிருக்குன்னு கடையில மல்லுக்கட்டிட்டு வந்தாங்க. ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018-லயே 18 ஆக்கிட்டாங்க, இந்தத் தடவை குறைஞ்சது ஏசி, பெரிய டிவி, பாத்திரம் கழுவுற மெஷின் மாதிரி ஐட்டத்துக்குத்தான். இதைச் சொன்னா அக்கா என்கிட்டயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க.

எங்களுக்கு ஒன்றரை டன், 3 ஸ்டார், 36,000. பழைய வரியா இருந்தா 39,000 தாண்டியிருக்கும், மூவாயிரம் மிச்சம்னு அவரு போனஸ் காசைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப குஷியா இருந்தாரு. நானும்தான்.

மறுநாள் ஏசி மாட்ட வந்த தம்பி ரூமை ஒரு சுத்து சுத்திப் பார்த்தான். "அக்கா, இதுக்குத் தனி லைன் இல்லையே"ன்னான். ஃபேன், டிவி ஓடுற அதே லைன்ல ஏசியைப் போட்டா வயர் சூடாகும், மெயின் போர்டுல இருந்து தனியா வயர் இழுத்து எம்சிபி, அதான் லோடு ஏறினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச், போடணும்னுட்டான். எலக்ட்ரீஷியன் கூலி, வயர், பெட்டி எல்லாம் சேர்த்து 4,800. அவுட்டோர் யூனிட்டை மாடியிலதான் வைக்க முடியும். கூட வந்த காப்பர் பைப் 3 மீட்டர், எங்களுக்கு இன்னும் 4 மீட்டர் வேணும், மீட்டர் 850-ன்னு 3,400. சுவத்துல ஓட்டை போட 500, ஸ்டாண்ட் 900, மாட்டுற கூலி 1,500. எங்க தெருவுல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இறங்கிடும், அதனால ஸ்டெபிலைசர் 3,200. கூட்டிப் பார்த்தா 14,300. ஏசி டப்பா மேல இதுல ஒரு வரி கூட எழுதியிருக்காது. கடைக்காரர் சொல்லலன்னு கோவம் வந்துச்சுதான், ஆனா எங்க வீட்டு சுவரு எப்படி இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அத்தை சோபாவுல உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டே இருந்தாங்க. "ஏம்மா, அந்தக் காலத்துல பீரோ வாங்கிட்டு வந்து மாடிப்படி திரும்பலன்னு கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்துனோம், உங்க மாமா கீழ நின்னு கத்திக்கிட்டே இருந்தாரு, இப்ப நீங்க"ன்னு சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிச்சாங்க, நிறுத்தவே இல்ல.

அடுத்து இஎம்ஐ. கையில காசு குறைஞ்சிடக் கூடாதுன்னு கிரெடிட் கார்டுல ஆறு மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டோம், மாசம் 6,000. பேங்க் வட்டி போடத்தான் செய்யும், 15 பர்சன்ட்னா சுமார் 1,520 ரூபா வரும், அதை முன்னாடியே டிஸ்கவுன்ட்டா கழிச்சுக் காட்டுறாங்க, அவ்ளோதான் சூட்சுமம். ஆனா அந்த வட்டி மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி நம்ம தலையில, 274. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 509. ஏசி, மாட்டுற செலவு, இது எல்லாம் சேர்த்தா 50,800 சொச்சம். இது கூடப் பரவால்ல, முழுக் காசும் கையில கொடுத்தா 2,000 குறைச்சிருப்போம்னு பில் போட்டு முடிச்சப்புறம் கவுன்டர்ல சொன்னாங்க பாருங்க, அப்பதான் வயிறு எரிஞ்சுது. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே பேங்குகளுக்குச் சொல்லியாச்சு, நான்தான் கேக்கல.

ஸ்டார் விஷயத்துல மட்டும் நாங்க ஏமாறலன்னு நினைக்கிறேன். ஸ்டிக்கர்ல இருக்கிற யூனிட் வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுற கணக்கு, அதாவது ராத்திரி எட்டு மணி நேரம்னா 200 ராத்திரி, திருச்சி வெயிலுக்கு அது சரியாதான் வரும். எங்க 3 ஸ்டார்ல 970 போட்டிருந்துச்சு, 5 ஸ்டார்ல 750. வித்தியாசம் 220 யூனிட். ரெண்டு மாச இபி ரீடிங் எங்களுக்கு முன்னாடியே 380 கிட்ட, ஏசி வந்தா 500 தாண்டிடும், நாங்க வாங்குனப்ப இருந்த ரேட்படி, தாண்டினா முதல் 100 யூனிட் ஃப்ரீ மட்டும் அப்படியே இருந்துச்சு, அதுக்கு மேல குறைஞ்ச ரேட்ல இருந்த யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும், 500-க்கு மேல போறது யூனிட் எட்டு ரூபாய்க்கும் மேல. அப்படிப் பாத்தா 5 ஸ்டார்னா வருஷம் 1,800 சொச்சம் மிச்சம், ஆனா விலை 8,000 ஜாஸ்தி. நாலரை வருஷம் ஆகும் அது திரும்பி வர. பகல்லயும் போடுற வீடா இருந்தா கண்ணை மூடிட்டு 5 ஸ்டார் எடுங்க. நாங்க படுக்கப் போறப்ப மட்டும்தான் போடுறோம். அதுவும் பதினொரு மணிக்கு ஆஃப் பண்ணிட்டு ஃபேன் போட்டுடுவாரு எங்க வீட்டுக்காரரு.

இப்போ அடுத்தது வாஷிங் மெஷின். இந்தத் தடவை கடைப்பக்கமே போகல. முதல்ல பாத்ரூம்ல டேப் வச்சு அளந்தேன், கதவு அகலம் 26 இன்ச். ஃப்ரன்ட் லோடு ஆசைதான், ஆனா எங்க டேங்க் மாடி மேல நாலடி உயரத்துலதான் இருக்கு, கீழ வர்ற தண்ணி வேகம் குறைச்சல், போர் தண்ணி வேற உப்பு. அதனால டாப் லோடுதான். காசுக்கு இஎம்ஐ வேணாம்னு சீட்டு போட்டிருக்கேன், பதிவு பண்ண கம்பெனி சீட்டு, தெரு சீட்டுல ஏமாந்த கதை எங்க குடும்பத்துல ஏற்கனவே ரெண்டு இருக்கு. இருபது பேர், மாசம் 2,500, சீட்டு 50,000. போன மாசம் ஏலத்துல ஒருத்தர் 12,000 விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி, சீட்டை எடுத்தாரு, கம்பெனி கமிஷன் 2,500 போக மீதி 9,500-ஐ இருபதா பிரிச்சா ஆளுக்கு 475, நான் கட்டினது 2,025 தான். முன்னாடியே எடுத்தா அந்த 12,000-மும் வட்டி மாதிரிதான், அதனால கடைசி மாசங்கள் வரைக்கும் இழுக்கணும்னு முடிவு.

நேத்து பிளம்பர் வந்து தனியா ஒரு பைப் இழுத்து குழாய் வச்சுட்டாரு, தண்ணி வெளிய போக ஓட்டையும் போட்டாச்சு, பிளக் பாயின்ட் நனையாத உயரத்துல வச்சாச்சு, எல்லாம் சேர்த்து 2,600. மெஷின் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் குழாய்க்குக் கீழ அத்தை அவங்க ஊறவைக்கிற பக்கெட்டை வச்சுட்டாங்க, எடுக்கச் சொன்னா "மெஷின் வரட்டும் பாப்போம்"ங்கிறாங்க.