கொல்லையில் காது பழகிய பத்து மாதம்

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கொல்லை பெரியது இல்லை. ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை, நாலைந்து வாழை, கிணற்றடியில் செம்பருத்தி. வேலியோரம் ஒரு தேன்பழ மரம் தானாக முளைத்து நிற்கிறது. இத்தனை வருஷமும் இங்கே கேட்டதெல்லாம் எனக்கு மொத்தமாக ஒரே 'பறவைச் சத்தம்'. போன புரட்டாசியில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தினமும் காலை 6 மணியிலிருந்து 6:30 வரை கிணற்றடியில் உட்காருவது என்று ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கத்துவது யார் என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

புரட்டாசி

முதல் மாதம் வீணாகத்தான் போனது. செனோ-கான்டோ தளத்தில் உலகம் முழுவதிலிருந்தும் பறவை ஆர்வலர்கள் பதிந்து கொடுத்த குரல்கள் இருக்கின்றன. ராத்திரி இருபது குரல்களைப் போட்டுக் கேட்பேன். காலையில் கொல்லைக்குப் போனால் ஒன்றுகூட ஞாபகத்தில் நிற்காது.

பறவைகள் பக்கத்தில் வந்தால் பழகலாம் என்று மதில் மேல் சோறும் கம்பும் வைத்தேன். சோற்றுக்குக் காக்கையும் மைனாவும் அணிலும் வந்தன. கம்புக்கு இரண்டு புள்ளிப்புறாக்கள். நான் பார்க்க நினைத்த சின்னப் பறவைகள் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. காக்கைக் கூட்டம் பெருகியதும் கறிவேப்பிலையில் தினமும் தெரியும் தையல்சிட்டுகூட வருவதை நிறுத்திவிட்டது. பத்தாம் நாள் சோறு வைப்பதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கொல்லையில் நன்றாகப் பாடுகிற பறவைகளில் பெரும்பாலானவை புழு, பூச்சி, தேன், பழம் தின்பவை. சோறும் தானியமும் அவற்றுக்குத் தீனியே கிடையாது. அவற்றுக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே மரத்திலும் சருகிலும் இருக்கிறது, நான் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கொய்யாவின் உச்சிக் கிளைப் பழங்களைப் பறிக்காமல் விட்டேன். பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்தினேன். சருகைக் கொளுத்தாமல் வேம்படியில் குவித்தேன். அகலமான ஒரு மண் சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தேன். கொசு வராமலிருக்க அதைத் தினமும் மாற்றிவிடுகிறேன்.

ஐப்பசி

நோட்டில் கோடு போடுகிற முறையை மாற்றினேன். முதல் கட்டம் எந்த மரம். அடுத்தது எந்த உயரம். அப்புறம் அலகில் என்ன. கடைசியாகத்தான் குரல். இப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் குரல் மனசில் ஒட்டியது. எங்கே இருந்து என்ன தின்கிறது என்று தெரிந்த பறவையின் குரல் மறக்கவே இல்லை.

முதலில் உறுதியானது தையல்சிட்டு. நீளம் 13 சென்டிமீட்டர், எடை 10 கிராமுக்குள், ஆனால் 'டுவீட் டுவீட் டுவீட்' என்று கத்தினால் பக்கத்து வீடு வரை கேட்கும். வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கறிவேப்பிலையில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து அடிப்பக்கம் பார்க்கும். சின்னப் புழுவும் சிலந்தியும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே இடுப்புயரத்துக்கும் தலையுயரத்துக்கும் நடுவில் இலைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தால், நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

அதே வாரத்தில் பெரிய தப்பும் நடந்தது. முருங்கையிலிருந்து 'கீச், கீச், கீச்' என்று ஒரே சீராகக் கால் மணி நேரம் வந்த குரலை, தையல்சிட்டின் இன்னொரு குரல் என்று மூன்று நாள் எழுதியிருக்கிறேன். நாலாம் நாள் மரத்தடிக்கே போய்ப் பார்த்தால், தலைகீழாகத் தண்டில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கீச்சுக்கும் வாலைத் துடித்தபடி அணில். குரல் பழக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் தங்கள் ஊர் அணிலைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அணில் தாளம் தப்பாமல் ஒரே சுருதியில் போகும். தையல்சிட்டு ஐந்தாறு முறை கத்தி நிறுத்தும், இடம் மாறும், சுருதியும் மாறும்.

மாதக் கடைசியில் செம்பருத்திப் புதரின் அடியில் புதிதாக ஒரு சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால் வருமே, அந்த மாதிரி 'டக்... டக்...'. ஆள் வெளியே வரவில்லை. நோட்டில் 'டக்' என்று மட்டும் எழுதி வட்டம் போட்டு வைத்தேன்.

கார்த்திகை

மழை. பாதி நாள் உட்கார முடியவில்லை. ஆனால் மழை விட்ட ஒரு சாயங்காலம் வேம்படி மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. பத்து மாதத்தில் ஒரே நாளில் அதிகம் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

கரிச்சான் மின்கம்பியிலிருந்து பாய்ந்து, பறக்கிற ஈசலை ஆகாயத்திலேயே பிடித்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதே கம்பிக்குத் திரும்பியது. தவிட்டுக்குருவிகள் ஒன்பது, இறக்கை உதிர்ந்து தரையில் ஊரும் ஈசலைப் பொறுக்கின. எட்டு தின்னும்போது ஒன்று மட்டும் கொய்யாக் கிளையில் காவல். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று மேலே போக, காவல் இருந்தது இறங்கித் தின்ன வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் தலை நீட்டியதும் காவல் குருவி கொடுத்த குரலில் ஒன்பதும் மேலே ஏறிவிட்டன. தின்னும்போது அவை தமக்குள் பேசுகிற மெல்லிய நடுக்கக் குரலும், பூனைக்குக் கத்திய கரகரப்பும் இரண்டு வேறு சத்தங்கள். அதுவரை இரண்டையும் இரண்டு பறவை என்று எழுதி வைத்திருந்தேன். வெளிறிய தலை, நீலம் கலந்த வெள்ளைக் கண். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இல்லாத குருவி இது. நம் கொல்லைக் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

இருட்டுகிற நேரத்தில் மற்றவை அடங்கிய பிறகும் ஒரு பறவை வாலைத் தூக்கித் தூக்கித் தரையில் குதித்துத் தின்றுகொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வண்ணாத்திக்குருவி. அன்றைக்கு அதனிடமிருந்து சத்தமே இல்லை. அதன் பாட்டுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்கழி

சின்ன வயதில் அம்மா விடிவதற்கு முன் எழுப்பும்போது "கரிச்சான் கத்திடுச்சு, எந்திரிடா" என்பார். எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கடிகாரம். இப்போது நானே நாலரை மணிக்கு எழுந்து கேட்டேன். இருட்டில் முதல் குரல் கரிச்சானுடையதுதான். ஆனைச்சாத்தன், வலியன் என்று இதற்குப் பழைய பெயர்களும் உண்டு.

ஒரு காலை வல்லூறின் 'கிட்டூ கிட்டூ' கேட்டது. குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலியும் வல்லூறு என்றே காட்டியது. சட்டியில் குளித்துக்கொண்டிருந்த சின்னான்கள் பறந்துவிட்டன. மேலே பார்த்தால் கம்பியில் கரிச்சான் மட்டும். வல்லூறு போலக் கத்துவது அதற்குக் கைவந்த கலை. செயலி எனக்கு நிறைய உதவுகிறது. ஆனாலும் அன்றிலிருந்து, செயலி சொன்ன பெயரைக் கண்ணால் பார்க்காமல் நோட்டில் மையால் எழுதுவதில்லை, பென்சிலால்தான்.

தை

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில், இருக்கிற இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். நானும் கொல்லையிலிருந்தே செய்தேன். 15 நிமிஷத்தில் 17 வகை. அதில் 6 வகை காதால் மட்டும் கிடைத்தவை. புரட்டாசியில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறும் பட்டியலில் இருந்திருக்காது.

'டக்' ஆள் யார் என்பதும் தையில்தான் தெரிந்தது. புதரிலிருந்து வேலிக்குத் தாவிய ஒரு நொடியில் பார்த்தேன். கோடு, புள்ளி எதுவும் இல்லாத பழுப்பு, கண்ணுக்கு மேல் மங்கிய ஒரு வெளிர் கீற்று. பிளித் நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. அங்கிருந்து பறந்து வந்த உயிர் எங்கள் செம்பருத்தியின் அடியில் மூன்று மாதமாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது என்று நினைத்ததும், அந்தப் புதரைக் கவாத்து பண்ண வைத்திருந்த கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மாசி, பங்குனி

கொல்லை முழுவதும் பாட்டு வந்தது இந்த இரண்டு மாதத்தில். குளிரில் வாயே திறக்காமல் இருந்த செம்மார்புக் குக்குறுவான் வேம்பின் பட்ட கிளையில் உட்கார்ந்து 'டுக் டுக் டுக்' என்று செம்பு தட்டத் தொடங்கியது. அலகு மூடியே இருக்கும், தொண்டை மட்டும் ஊதி ஊதி அடங்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவதால் சத்தம் இடம் மாறுகிற மாதிரி தோன்றும். இதன் தீனி பெரும்பாலும் பழம், அதிலும் ஆல், அரசு, அத்தி. எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை. தெருமுனை ஆலமரத்தில் தின்றுவிட்டு இங்கே வந்து பாடுகிறது.

தேன்பழ மரத்தில் பூங்கொத்தி. கட்டைவிரல் அளவுதான். பழத்தை விழுங்கிக்கொண்டே 'சிக் சிக் சிக்' என்று விடாமல் சொல்லும். அந்த மரத்தை முளைக்க வைத்ததே இதுவாகவோ சின்னானாகவோதான் இருக்கும்.

பங்குனியில் வண்ணாத்திக்குருவி பாடியது. விடிகாலையில் தென்னையின் உச்சியிலிருந்து, ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லி, நிறுத்தி, அடுத்த சொல்லுக்குப் போகிற மாதிரி. குயில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் கொல்லையின் முதல் பாடகர். தரையில் புழு தேடுகிற பறவை, பாடுவதற்கு மட்டும் அந்த உயரத்துக்கு ஏறுகிறது. ஆகவே பாடும் இடத்தை வைத்துத் தீனியைச் சொல்ல முடியாது என்று நோட்டில் ஒரு திருத்தம் எழுத வேண்டியிருந்தது.

துணி காயப்போடும் கொடியின் ஓரத்தில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்திவலை, நார், பட்டைத் துணுக்கு எல்லாம் ஒட்டி ஒரு குப்பை தொங்குகிற மாதிரி இருக்கும். கொடியை வேறு இடத்தில் கட்டிக்கொண்டோம். தேன்சிட்டு வாழைப்பூ மடலில் தொற்றிக் குனிந்து தேன் எடுக்கும். செம்பருத்தியில் வாய் வழியாகப் போகாமல் பூவின் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சும். குஞ்சு வந்ததும் தேனைத் தேடுவது குறைந்துவிட்டது. ஒருநாள் 40 நிமிஷம் பார்த்ததில் 14 முறை தீனி வந்தது. அலகில் நான் பார்க்க முடிந்ததெல்லாம் சிலந்தியும் சின்னப் பூச்சியும். கூட்டுக்கு வருமுன் இரண்டு பெரியவையும் 'ட்சிட்' என்று ஒரு முறை சொல்லும். உடனே கூட்டுக்குள்ளிருந்து ஊசி போலப் பதில் வரும்.

இந்தச் சமயத்தில் நான் செய்த ஒரு காரியம் எனக்கே பிடிக்கவில்லை. தையல்சிட்டின் குரலை ஒப்பிட்டுப் பார்க்க, பதிவைப் போனில் சத்தமாகப் போட்டேன். புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண், புழுவைப் போட்டுவிட்டு என் தலைக்கு மேல் வந்து கத்தியது. இன்னொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்திருக்கும். கால் மணி நேரம் தீனி நின்றது. இனிமேல் கொல்லையில் பதிவை வெளியே போடுவதில்லை, காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்கிறேன்.

சித்திரை, வைகாசி

கத்திரி வெயில். மண் சட்டிக்குத்தான் கூட்டம். வேலிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, கொதிக்கிற பானை பொங்குகிற மாதிரி படபடவென்று கத்திவிட்டு அடங்குகிற குரலின் சொந்தக்காரர் இந்த வெயிலில்தான் வெளியே வந்தார். வெண்புருவச் சின்னான், ஜோடியாக. தண்ணீர் இல்லையென்றால் இன்னும் முகம் பார்த்திருக்க மாட்டேன். தேன்சிட்டு சட்டியில் இறங்கவில்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது நனைந்த இலையில் உருண்டு குளித்தது.

ஆனி

வேம்பில் பழம் மஞ்சளாகிவிட்டது. குயில்கள் காலையிலிருந்து அங்கேதான். ஆண் 'கூ-ஊ' என்று ஏறிக்கொண்டே போக, புள்ளி போட்ட பெண் 'கிக் கிக் கிக்' என்று வெடித்துக்கொண்டு மரம் மாறும். இரண்டும் இப்போது கண் மூடினாலும் தெரியும்.

போன வாரம் அதே வேம்பிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு குரல். கரகரப்பாக, கெஞ்சுகிற மாதிரி, மூச்சு விடாமல். நோட்டில் இருக்கும் எதோடும் ஒட்டவில்லை. செயலியை எடுக்கவில்லை. யார் தீனி கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் கழித்துக் காக்கை ஒன்று தொண்டையில் எதையோ அடக்கிக்கொண்டு வந்தது. இலைக்குள்ளிருந்து வாயைப் பிளந்து முன்னால் வந்த குஞ்சின் உடம்பில் காக்கைக்கு இல்லாத வெளிர் புள்ளிகள். ஊட்டிவிட்டுக் காக்கை போன பிறகும் குயில் குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. "அது ஏன்டா இப்படிக் கத்துது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். "பசிம்மா" என்றேன். நோட்டில் மையால் எழுதினேன்: வேம்பு, நடுக்கிளை, காக்கை ஊட்டியது.