கார்லோ பெர்கோன்ஸி

ரெண்டு நாளாக ஓபரா எனும் இசைநாடகங்களில் பாடிய இத்தாலிய டெனர் (உயர்ந்த ஸ்தாயியில் பாடும் ஆண்குரல்) கார்லோ பெர்கோன்ஸியின் பழைய பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1948இல் மேடையேறியபோது அவர் டெனரே இல்லை, பாரிடோன். கொஞ்சம் கனமான, கீழ்ஸ்தாயிக் குரலுக்கான பாத்திரங்கள். நமக்கு இது சரிப்படாது என்று அவருக்கே புரிந்து, குரலைத் தானே மேலே பழக்கி, 1951இல் டெனராகத் திரும்ப வந்தார். 1956இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் அறிமுகம். அப்புறம் பல பத்தாண்டுகள் அங்கே பாடினார்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'அயீதா' ஓபராவில் டெனருக்கு வரும் முதல் பாட்டின் கடைசி உச்ச ஸ்வரத்தை மெல்ல மெல்லத் தேய்த்து முடிக்க வேண்டும் என்று வெர்டியே குறித்திருக்கிறார். பெரும்பாலான டெனர்கள் அங்கே முழு பலத்தோடு முழங்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். குற்றம் சொல்ல முடியாது. மைக் இல்லாமல் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டி மேல்மாடம் வரை குரல் போக வேண்டும். அந்த உயரத்தில் சத்தத்தைக் குறைப்பது கத்துவதைவிடப் பலமடங்கு கஷ்டம். பெர்கோன்ஸி தன் ஒலிப்பதிவில் அதைத் தணித்தே முடித்திருக்கிறார். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்!

2000இல், எழுபத்தைந்து வயதில், நியூயார்க் கார்னகி ஹாலில் வெர்டியின் இன்னொரு ஓபராவான 'ஒத்தெல்லோ'வைக் கச்சேரி வடிவத்தில், அதாவது நடிப்பும் அரங்க அமைப்பும் இல்லாமல், பாட வந்தார். டெனர்களைப் பிழிந்தெடுக்கும் பாத்திரம் அது. பாதியோடு நிறுத்திக்கொள்ள, மிச்சத்தை மாற்றுப் பாடகர் பாடி முடித்தார். அந்த வயதில் இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஆசைப்பட்டார், பாடிப் பார்த்தார், அவ்வளவுதான்.