நூறு கிலோமீட்டரும் நான்கு வரிகளும்

நான்கு மாதம் சைக்கிள் மிதித்துப் பழகியதைவிட, நன்கொடை கேட்டு நான்கு வரி எழுதியதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

1992 முதல் அக்டோபர் 10 உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய 100 கி.மீ. சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதுவரை நான் ஒரே மூச்சில் ஓட்டிய அதிகபட்ச தூரம் 12 கி.மீ.

முதல் வாரமே முட்டி வலி. கூட ஓட்டிய அண்ணன் ஒருவர் என் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டுமாம். என் கால் மடங்கியே இருந்தது. இரண்டு விரற்கடை உயர்த்திவிட்டார், வலி போயிற்று. மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை இங்கே விவரிப்பதாக இல்லை.

நிதிக்கு வருகிறேன். “மனநலம் காப்போம், ஆதரவு தாரீர்” என்று பொத்தாம்பொதுவாக ஒரு செய்தி அனுப்பினேன். வாழ்த்துகள் குவிந்தன, பணம் வரவில்லை. எனக்கே படிக்கத் தோன்றாத செய்தியை யார் மதிப்பார்கள்? ஒருநாள் இரவு மாற்றி எழுதினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மனச்சோர்வு இருந்தது, பல் துலக்க எழுவதே மலையாகத் தெரிந்தது, மருந்தும் ஆலோசனையும்தான் மீட்டன, அந்த உதவி பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஓட்டுகிறேன். அவ்வளவுதான். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் இலக்கில் பாதி சேர்ந்திருந்தது. அலுவலகத்தில் பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருப்பவரிடமிருந்து ஒரே சொல்: “நானும்தான்.”

பயண நாளில் 70 கி.மீ. வரை பிரச்சினை இல்லை. பிறகு திடீரென்று கால் காலாக இல்லை. தலை கிறுகிறுத்தது, எதிர்க்காற்றின் மீதுகூடக் கோபம் வந்தது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும் என்று படித்திருந்தும், உற்சாகத்தில் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு வந்திருந்தேன். ஓரமாக உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றேன். கால் மணி நேரத்தில் உயிர் வந்தது. எழ முடியாத அந்தப் பழைய அலுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பழம் போதவில்லை. சைக்கிள் ஓட்டினால் மனச்சோர்வு பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஓட்டுவது மனதுக்கு நல்லது, உண்மை. ஆனால் என் மாத்திரையின் இடத்தில் அதை ஒருநாளும் நான் வைக்கவில்லை.

ஆறரை மணி நேரத்தில் முடித்தேன். கடைசியில் வந்தவர்களில் நானும் ஒருவன்.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்து மேசைக்காரர் தேநீரோடு என் மேசைக்கு வந்தார். பயணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, “முதல் தடவை டாக்டரிடம் போனபோது என்ன சொன்னீர்கள்?” என்றார்.

“தூக்கம் வரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். மற்றதையெல்லாம் அவரே கேட்டார்.”

“அது என்னால் முடியும்” என்றார்.