டிஸ்க்வேர்ல்ட் நாவல்களுக்கு ஒரு காலவரிசை: நாட்குறிப்பு

மே 4

பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் மகள், இன்று காலை என் புத்தக அலமாரியின் முன் நின்றுகொண்டு, "சித்தப்பா, இந்த நாற்பத்தொரு புத்தகத்துல எது முதல்ல நடந்தது?" என்று கேட்டாள். எது முதலில் வெளிவந்தது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசை 1983இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலுடன் தொடங்கி, அவர் மறைந்த 2015ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' நாவலுடன் முடிகிறது. அவள் கேட்டதோ கதைக்குள் ஓடும் காலத்தைப் பற்றி. பல ஆண்டுகளாக இந்நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்து வந்தும் அதற்கு என்னிடம் ஒழுங்கான விடை இல்லை என்பதை இன்றுதான் உணர்ந்தேன். அவள் ஊருக்குத் திரும்புமுன் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மே 6

தமிழிலக்கிய வரலாற்றில் ஒரு நூலின் காலத்தை அகச்சான்று, புறச்சான்று என்று பிரித்து ஆராய்வது வழக்கம். வெளியான ஆண்டு இங்கே புறச்சான்று மட்டுமே. கதையில் எது எப்போது நிகழ்ந்தது என்பதைக் கதைக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் இந்த உலகின் நாட்காட்டி நமக்குப் பழக்கமானதன்று. தட்டு வடிவிலான அவ்வுலகம் ஒரு முறை சுற்றி வர 800 நாட்கள் ஆகின்றன. உழவர்களும் பெரும்பாலான மக்களும் அதில் பாதியான 400 நாட்களையே ஓர் ஆண்டாகக் கணக்கிடுகின்றனர். வாரத்துக்கு எட்டு நாட்கள். நூற்றாண்டுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். முன்னைய நாவல்களில் வௌவாலின் பெயரைத் தாங்கிய நூற்றாண்டு நடக்கிறது, பின்னைய நாவல்களில் நெத்திலியின் பெயரைத் தாங்கியது நடக்கிறது. பெயர் மாறுவதிலிருந்து காலம் நகர்கிறது என்று தெரிகிறதே தவிர, எவ்வளவு நகர்ந்தது என்று தெரியவில்லை. ஆகவே ஆண்டுகளைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு முறை நிகழ்ந்தால் திரும்பப் பெற முடியாத மாற்றங்களைத் தேடத் தொடங்கினேன்.

மே 11

அப்படிப்பட்ட மாற்றங்களைக் கண்டுபிடிப்புகளே தெளிவாகக் காட்டுகின்றன. கோபுரத்துக்குக் கோபுரம் ஒளிச்சைகையால் செய்தி அனுப்பும் 'கிளாக்ஸ்' அமைப்பு 'தி ஃபிஃப்த் எலிஃபன்ட்' (1999) நாவலில் வளர்ந்துகொண்டிருக்கிறது. 'தி ட்ரூத்' (2000) நாவலில் ஆங்க்-மார்ப்போர்க் நகரத்துக்கு முதல் செய்தித்தாள் பிறக்கிறது. 'கோயிங் போஸ்டல்' (2004) நாவலில் பாழடைந்து கிடந்த அஞ்சலகம் உயிர் பெறுகிறது, 'ரெய்சிங் ஸ்டீம்' (2013) நாவலில் ரயில் ஓடுகிறது. எந்த நாவலிலாவது ஒருவர் செய்தித்தாளைப் புரட்டினால், அந்த நாவல் 'தி ட்ரூத்'துக்குப் பிந்தியது என்று தயங்காமல் எழுதிவிடலாம். 'மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்' (2003) தொலைவிலுள்ள ஒரு சிறு நாட்டின் போரைப் பற்றியது. ஆனாலும் அந்தச் செய்தித்தாளின் ஆசிரியர் வில்லியம் டி வோர்ட் அங்கே வந்து நிற்பதால் அதன் இடம் உறுதியாகிவிட்டது.

மே 12

'ஸ்மால் காட்ஸ்' (1992) வெளியீட்டு வரிசையில் நடுவில் இருந்தாலும் காலவரிசையில் முன்னே போக வேண்டும். ஓம்னியா நாடு வேறுபட்ட கருத்துடையோரைச் சித்திரவதை செய்துகொண்டிருந்த காலத்தை அது சொல்கிறது. அதன் கடைசிப் பக்கங்கள் நூறு ஆண்டுகளைத் தாண்டி முடிகின்றன. 'ஃபீட் ஆஃப் க்ளே' (1996) நாவலில் வரும் ஓம்னியக் காவலரோ வீட்டு வாசல்களில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மதம் இவ்வளவு மென்மையாவதற்குத் தலைமுறைகள் ஆகியிருக்க வேண்டும்.

மே 18

கண்டுபிடிப்புகளை விடவும் நம்பகமான கடிகாரம் குழந்தைகள் என்பது இந்த வாரம் தெளிவாயிற்று. டிஃப்பனி ஏக்கிங் என்ற சூனியக்காரச் சிறுமி 'தி வீ ஃப்ரீ மென்' (2003) நாவலில் ஒன்பது வயதினள். 'எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை' (2004) நாவலில் பதினொன்று. 'ஐ ஷல் வேர் மிட்நைட்' (2010) நாவலில் ஏறக்குறைய பதினாறு. அதாவது வெளியுலகில் ஏழு ஆண்டுகள் கழிந்தபோது கதையுலகிலும் ஏழு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. காவல்படைத் தலைவர் வைம்ஸின் மகன் இளைய சாம் 'நைட் வாட்ச்' (2002) முடிவில் பிறக்கிறான், 'தட்!' (2005) நாவலில் பதினான்கு மாதக் குழந்தை, 'ஸ்னஃப்' (2011) நாவலில் ஆறு வயதுப் பையன். நகரமே கலவரத்தின் விளிம்பில் நிற்கும்போதும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து மகனுக்குப் படக்கதை வாசித்துக் காட்டும் அந்தத் தந்தையை, காலக்கணக்குக்காகப் புரட்டிய இடத்திலும் நிறுத்தி முழுதாகப் படித்தேன்.

இந்தக் கணக்கில் சேர்க்க முடியாதவள் எஸ்க். 'ஈக்வல் ரைட்ஸ்' (1987) நாவலில் ஒன்பது வயதைக்கூட எட்டாத சிறுமியாக இருந்தவள், 2010ஆம் ஆண்டு நாவலில் வளர்ந்த பெண்ணாக வருகிறாள். ஆனால் காலத்துக்குள்ளேயே நடந்து செல்லக் கற்றவள் ஆதலால் அவளுடைய வயதை வைத்து எதையும் அளக்க முடியாது.

மே 25

இந்த நாளில் 'நைட் வாட்ச்' படிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கதையில் ஆங்க்-மார்ப்போர்க் மக்கள் ஒரு கொடுங்கோலனுக்கு எதிராகத் தடுப்பரண் அமைத்த நாள் மே 25. அதில் இறந்தவர்களை நினைத்து உயிர் பிழைத்தவர்கள் லைலாக் பூவை அணிவார்கள். தமக்கு அல்சைமர் நோயின் அரிய வகை ஒன்று இருப்பதாக 2007 டிசம்பரில் பிராட்செட் அறிவித்த பிறகு, வாசகர்கள் அவருக்காகவும் அந்தப் பூவை அணிந்தார்கள்.

வைம்ஸ் முப்பது ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, இளைஞனான தன்னையே தான் பயிற்றுவிக்க நேர்வதால், இந்நாவலை வரிசையின் தொடக்கத்துக்கு நகர்த்த வேண்டும் என்று தோன்றக்கூடும். நான் நகர்த்தப்போவதில்லை. நாவல் தொடங்குவதும் முடிவதும் இளைய சாம் பிறக்கும் நாளில்தான். பின்னோக்கிப் போகிறவர் மூன்று பதவி உயர்வுகளின் சுமையையும் ஒரு மனைவியையும் மனத்தில் தூக்கிக்கொண்டு போகிறார். முந்தைய காவல்படை நாவல்களைப் படிக்காமல் அந்தச் சுமையின் எடை வாசகருக்குத் தெரியாது.

ஜூன் 1

நான்கு நாட்களாக ஒரே முடிச்சில் சிக்கியிருந்தேன். 'மார்ட்' (1987) நாவலின் முடிவில் மார்ட்டும் இசபெல்லும் மணந்துகொள்கிறார்கள். அவர்களுடைய மகள் சூசனுக்கு 'சோல் மியூசிக்' (1994) நாவலில் பதினாறு வயது. இவ்விரண்டுக்கும் இடையில் குறைந்தது பதினாறு ஆண்டுகள் தேவை, வெளியீட்டு இடைவெளியோ ஏழுதான். இடையில் வந்த நாவல்களில் யாரும் அவ்வளவு மூப்படைந்ததாகத் தெரியவில்லை.

விடை 'வியர்ட் சிஸ்டர்ஸ்' (1988) நாவலில் இருந்தது. மூத்த சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸ் லாங்கர் நாட்டை மட்டும் காலத்திலிருந்து பெயர்த்து, வெளியே பதினைந்து ஆண்டுகள் கழியும்படி செய்கிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு இரவுகூட முழுதாகக் கழிவதில்லை. தேவையான ஆண்டுகள் அங்கேதான் ஒளிந்திருந்தன என்று கண்டபோது எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தேன்.

ஆனால் மகிழ்ச்சி இரவு வரைகூட நிலைக்கவில்லை. நகரத்தின் ஆட்சியாளர் வெட்டினாரி வளர்க்கும் டெரியர் நாய் வஃபிள்ஸ், 'வியர்ட் சிஸ்டர்ஸ்' நாவலுக்கு முன்பே வெளிவந்த 'சோர்சரி' (1988) நாவலில் வருகிறது. 'தி ட்ரூத்' நாவலிலும் உயிரோடு இருக்கிறது. இடையில் பதினைந்து ஆண்டுகளைச் செருகினால் எந்த நாயும் அவ்வளவு காலம் வாழாது.

ஜூன் 2

ஒரு நாயின் ஆயுளுக்காக ஒரு நாவலை இடம் மாற்றியிருக்கிறேன். 'மார்ட்' முதலில், அதன் பிறகு 'வியர்ட் சிஸ்டர்ஸ்', அதன் பதினைந்து ஆண்டுகளுடன், அதற்கும் பின்னர்தான் 'சோர்சரி'. இப்படி வைத்தால் சூசன் வளர்வதற்கும் காலம் கிடைக்கிறது, வஃபிள்ஸும் இயல்பான வயதுக்குள் நிற்கிறது. இதற்கு ஈடாக ஏற்க வேண்டியது ஒன்றுதான்: 'மார்ட்'டில் நூலக உதவியாளராக இருக்கும் ரின்ஸ்விண்ட், 'சோர்சரி'யிலும் அதே வேலையில் பதினைந்து ஆண்டுகள் கழித்து இருக்க வேண்டும். எந்த முன்னேற்றத்தையும் விரும்பாத, உயிரோடு இருப்பதையே பெரும் வெற்றியாகக் கருதும் அந்த மந்திரவாதியைப் பொறுத்தவரை இது முற்றிலும் பொருந்துகிறது. வெளியீட்டு வரிசையிலிருந்து 'ஸ்மால் காட்ஸ்' தவிர நான் விலகியது இந்த ஓரிடத்தில் மட்டுமே.

ஜூன் 3

'தீஃப் ஆஃப் டைம்' (2001) நாவலை மீண்டும் பார்த்தேன். வரலாறு ஒரு முறை உடைந்து சிதறியது, காலத்தைக் காக்கும் துறவிகள் அதை ஒட்டுப்போட்டுச் சேர்த்தார்கள், ஆகவேதான் நகரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத காலங்கள் அருகருகே நிற்கின்றன என்று அதில் ஆசிரியர் விளக்கம் தந்துவிடுகிறார். அப்படியானால் என் உழைப்பு வீணா என்று சற்று நேரம் யோசித்தேன். ஒட்டுப்போட்ட துணியிலும் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். மேலும் இளைய சாமையும் டிஃப்பனியையும் ஆண்டு தவறாமல் வளர்த்த எழுத்தாளர் காலத்தைப் பொருட்படுத்தவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஜூன் 8

நோட்டு முடிந்தது, நாளை காலை ரயிலுக்கு முன் அவளிடம் கொடுக்க வேண்டும். முதல் வரியில் 'ஸ்மால் காட்ஸ்' என்று எழுதி, அந்தப் புத்தகத்தையும் அவளுடைய பைக்கு மேலே வைத்திருக்கிறேன். தனியாக நிற்கும் கதை என்பதால் தொடங்குவதற்கும் அது ஏற்றதே. கடைசி வரியான 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' நாவலுக்கு மட்டும், அதை அங்கே வைத்ததற்கான காரணத்தை எழுதிவிட்டு, அதன் மேல் ஒரு தாளை நான்கு ஓரமும் பசை தடவி ஒட்டிவிட்டேன். இந்த வரிசையில் மாற்ற முடியாத இறுதி எல்லையாக இருக்கும் ஒரு பிரிவு அதில் இருக்கிறது. அதை அவள் மற்ற நாற்பதையும் கடந்து வந்து தானே படிக்க வேண்டும்.